நுண்ணுயிர் இனங்களுக்கிடையேயான வேதித்தொடர்பு

நுண்ணுயிர் இனங்களுக்கிடையேயான வேதித்தொடர்பு என்பது, வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் தாம் வெளிவிடும் வேதிப்பொருள்களின் வழியே ஒன்றன் செயற்பாட்டை மற்றொன்று மாற்றும் நிகழ்வு ஆகும். பாக்டீரியாக்களுக்கு இடையிலும், பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இடையிலும், பாக்டீரியாவுக்கும் ஒருகல உயிரிகளுக்கும் இடையிலும் இத்தகைய தொடர்பு அறியப்பட்டுள்ளது.

இயற்கையில் நுண்ணுயிர்கள் தனி இனமாக வாழ்வது அரிது. ஒரு சிட்டிகை மண்ணிலும், பல்லின் மேல் படியும் படலத்திலும், மனிதக் குடலிலும் பல இனங்கள் நெருங்கி வாழ்கின்றன. எனவே ஓர் இனம் வெளிவிடும் பொருள் அண்டையிலுள்ள பிற இனங்களையும் சென்றடைகிறது. ஒரு நோய்க்கிருமி அமைதியாக இருப்பதா, நஞ்சைச் சுரப்பதா என்பது அதன் அண்டை இனங்கள் வெளிவிடும் மூலக்கூறுகளையும் பொறுத்து அமையக்கூடும். இதனால் இத்துறை தொற்றுநோய் மருத்துவத்தில் முக்கியத்துவம் பெறுகிறது.

அடிப்படை: குறைவெண் உணர்தல்

ஒரு மன்றக் கூட்டம் நடைபெறுவதற்குத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைவெண் அல்லது கோரம் என்பர். பாக்டீரியாக்களிலும் இதனை ஒத்த ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பாக்டீரியாவும் தன்தூண்டி எனப்படும் சிறிய மூலக்கூறைச் சிறிதளவு வெளிவிடுகிறது. எண்ணிக்கை குறைவாக உள்ளபோது அது சுற்றுப்புறத்தில் கலந்து மறைந்துவிடும். எண்ணிக்கை பெருகும்போது அதன் செறிவு உயர்ந்து ஒரு வரம்பைக் கடக்கும். அப்போது மூலக்கூறு உயிரணுவின் ஏற்பிப் புரதத்துடன் இணைந்து குறிப்பிட்ட மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும். இவ்வாறு முழுத் தொகையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தன் செயலை மாற்றிக்கொள்கிறது. ஒளிர்தல், உயிர்ப்படலம் அமைத்தல், நச்சு சுரத்தல் போன்றவை இவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒற்றை உயிரணு தனியே செய்தால் பயன்தராத செயல்கள் இவை.

இம்முறை ஓர் இனத்துக்குள் நிகழ்வதாகவே முதலில் அறியப்பட்டது. ஆனால், வெளிவிடப்பட்ட மூலக்கூறு அதனை வெளிவிட்ட இனத்துக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. பொருத்தமான ஏற்பி உள்ள எந்த உயிரியும் அதனை உணரலாம். பொருத்தமான நொதி உள்ள எந்த உயிரியும் அதனைச் சிதைக்கலாம்.

வரலாறு

விப்ரியோ ஃபிஷெரி (இன்றைய பெயர் அலிவிப்ரியோ ஃபிஷெரி) என்னும் கடல் பாக்டீரியா, ஹவாய்த் தீவுகளின் குட்டைவால் கணவாயின் ஒளியுறுப்பில் வாழ்ந்து ஒளி தருவது. இவ்வகைப் பாக்டீரியாக்கள் ஊடகத்தில் அடர்த்தியாக வளர்ந்த பின்னரே ஒளிர்வதை 1970 ஆம் ஆண்டில் கென்னத் நீல்சன், டெரி பிளாட், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் விளக்கினர். இதற்குக் காரணமான மூலக்கூறின் அமைப்பு 1981 இல் கண்டறியப்பட்டது. அது அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்தது. குறைவெண் உணர்தல் என்பதற்கான ஆங்கிலச் சொல் 1994 இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் மூலம் வழக்கிற்கு வந்தது.

இனம் கடந்த தொடர்புக்கான சான்று அதற்கு முன்பே கிடைத்திருந்தது. பிற கடல் பாக்டீரியாக்கள் வளர்ந்த நீர்மத்தைச் சேர்த்தால், விப்ரியோ ஹார்வேயி ஒளிரத் தூண்டப்படுவதை 1979 இல் கிரீன்பெர்க், ஹேஸ்டிங்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்டனர். 1990களில் பானி பாஸ்லர், ஹார்வேயி இரு வேறு தன்தூண்டிகளுக்கு எதிர்வினை காட்டுவதை விளக்கினார். இவற்றில் இரண்டாவது, தன்தூண்டி-2 எனப்பட்டது. அதனை ஆக்கும் லக்ஸ்-எஸ் என்னும் மரபணு 1999 இல் அடையாளம் காணப்பட்டது. இம்மரபணு, ஒன்றுக்கொன்று தொலைவான உறவுடைய பல பாக்டீரியா இனங்களில் காணப்பட்டதால், இனங்களுக்கிடையேயான தொடர்பு தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது.

தொடர்பின் வகைகள்

ஓர் இனத்தின் மூலக்கூறு மற்றோர் இனத்தை மாற்றுவதெல்லாம் "உரையாடல்" ஆகாது. 2006 இல் லாரண்ட் கெல்லர், மைக்கேல் சுரெட் ஆகியோர் பரிணாமப் பயனை அடிப்படையாகக் கொண்டு இவற்றை மூன்றாகப் பிரித்தனர்.

சமிக்ஞை: வெளிவிடும் உயிரி, பெறும் உயிரி இரண்டுக்கும் பயன் தருவது. மூலக்கூறு இத்தொடர்புக்காகவே பரிணமித்திருக்க வேண்டும்.

தடயம்: பெறும் உயிரிக்கு மட்டும் பயன் தருவது. ஓர் இனத்தின் கழிவுப்பொருளையோ, அது தன் இனத்துக்காக வெளிவிட்டதையோ மற்றோர் இனம் உணர்ந்து தன் நலனுக்குப் பயன்படுத்திக்கொள்வது இவ்வகை.

வலிந்து தூண்டல்: வெளிவிடும் உயிரிக்குப் பயனும் பெறும் உயிரிக்குக் கேடும் விளைப்பது.

இப்பிரிவு சொல்லளவிலானது அன்று. ஒரு நோய்க்கிருமி ஒரு மூலக்கூறைத் தடயமாகப் பயன்படுத்தினால், காலப்போக்கில் அதன் ஏற்பி மாறவோ மறையவோ எதிர் இனம் தடையாக இராது. இருவருக்கும் பயன் தரும் சமிக்ஞையாயின், இரு இனங்களும் அதனைக் காத்துக்கொள்ளும். எனவே ஒரு தொடர்பை மருந்தின் மூலம் குலைத்தால் என்ன விளையும் என்பதை மதிப்பிட, அது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிய வேண்டியுள்ளது. இயற்கையில் ஆராயப்பட்ட நிகழ்வுகள் பலவற்றில் யாருக்குப் பயன் என்பது எளிதில் தெளிவாவதில்லை.

முக்கிய மூலக்கூறுகள்

அசைல் ஹோமோசெரின் லாக்டோன்கள்: கிராம்-எதிர் பாக்டீரியாக்கள் பலவற்றின் தன்தூண்டிகள். லாக்டோன் வளையமும் ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலியும் கொண்டவை. சங்கிலியின் நீளமும் அதிலுள்ள மாற்றங்களும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன.

பெப்டைடுகள்: கிராம்-நேர் பாக்டீரியாக்களில் பரவலாகக் காணப்படுபவை. சில அமினோ அமிலங்களால் ஆனவை.

தன்தூண்டி-2: கிராம்-நேர், கிராம்-எதிர் ஆகிய இரு பிரிவுகளிலும் பல இனங்களால் ஆக்கப்படுவது.

ஃபார்னெசால்: கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் பூஞ்சையின் குறைவெண் மூலக்கூறு. பன்னிரண்டு கார்பன் கொண்ட முதன்மைச் சங்கிலியை உடைய ஆல்ககால்.

இவற்றைத் தவிர இந்தோல், குயினோலோன்கள் போன்றவையும் இத்தகைய பணியைச் செய்கின்றன.

தன்தூண்டி-2 பொதுமொழியா?

தன்தூண்டி-2 பல இனங்களில் காணப்பட்டதால், அது பாக்டீரியாக்களின் பொதுமொழி எனக் கருதப்பட்டது. ஹார்வேயியின் ஏற்பியுடன் இணைந்த நிலையில் அம்மூலக்கூறில் போரான் அணு உள்ளது என்பது 2002 இல் தெரியவந்தது. கடல்நீரில் போரான் மிகுதி. சால்மோனெல்லாவின் ஏற்பியோ போரான் இல்லாத வேறொரு வடிவத்தைப் பற்றுகிறது என 2004 இல் காட்டப்பட்டது. ஒரே முன்பொருள் நீரில் தானாகவே பல வடிவங்களாக மாறுவதால், ஒவ்வோர் இனமும் தன் சூழலுக்கேற்ற வடிவத்தை உணர்கிறது.

எனினும் இக்கருத்துக்கு எதிர்வாதமும் உண்டு. லக்ஸ்-எஸ் நொதி, உயிரணுவின் உள்ளே மெத்தில் தொகுதிகளைப் பயன்படுத்தும் சுழற்சியில் உருவாகும் ஒரு நச்சுத் துணைப்பொருளை அகற்றும் பணியையும் செய்கிறது. தன்தூண்டி-2 அப்பணியின் விளைபொருளாக வெளிவருகிறது. ஆகவே இம்மரபணுவை நீக்கிய பாக்டீரியாவில் காணப்படும் மாற்றம், தொடர்பு அறுந்ததால் வந்ததா, வளர்சிதைமாற்றம் குலைந்ததால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். வெளியிலிருந்து தன்தூண்டி-2 சேர்க்கப்பட்டதும் மாற்றம் சரியாகின், தொடர்பே காரணம் எனக் கொள்ளலாம். சில இனங்களில் இச்சோதனை வெற்றி பெற்றுள்ளது. வேறு சிலவற்றில் அது விளைபொருள் மட்டுமே எனத் தோன்றுகிறது.

எஷரிக்கியா கோலை இம்மூலக்கூறைத் தனியொரு கடத்தியின் மூலம் உள்ளிழுத்துச் சிதைக்கும். கலந்து வளர்க்கப்பட்டபோது அது விப்ரியோ இனங்களின் தொடர்பைக் குலைத்ததை 2005 இல் கரீனா சேவியர், பாஸ்லர் ஆகியோர் காட்டினர். பொதுவான மூலக்கூறு எனில், அதனைக் கேட்பதற்கு மட்டுமன்றி அழிப்பதற்கும் பலருக்கு வாய்ப்பு உண்டு.

எடுத்துக்காட்டுகள்

பாக்டீரியாவும் பூஞ்சையும்

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவும் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையும் மனித உடலில் ஒரே இடத்தில் காணப்படுவதுண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுவழி நோய் உள்ளவர்களின் நுரையீரல் இதற்கு எடுத்துக்காட்டு. கேண்டிடா உருண்டை வடிவ ஈஸ்ட்டாகவும் நீண்ட இழையாகவும் வளரக்கூடியது. சூடோமோனாஸ் இழைகளின் மேல் படிந்து அவற்றைக் கொல்கிறது. ஈஸ்ட் வடிவத்தை அவ்வாறு கொல்வதில்லை என்பதை 2002 இல் டெபோரா ஹோகன், ராபர்ட்டோ கோல்டர் ஆகியோர் வெளியிட்டனர்.

ஃபார்னெசால் கேண்டிடா இழையாக மாறுவதைத் தடுக்கிறது என்பது 2001 இல் அறியப்பட்டிருந்தது. சூடோமோனாசின் தன்தூண்டியும் இழையாவதைத் தடுக்கிறது என 2004 இல் காட்டப்பட்டது. அதுவும் பன்னிரண்டு கார்பன் சங்கிலி கொண்டது. பூஞ்சை, எதிரி பெருகியதை அதன் மூலக்கூறால் உணர்ந்து, தாக்கப்படாத வடிவத்துக்கு மாறுகிறது எனக் கொள்ளலாம். அவ்வாறாயின் இது தடயம் என்னும் வகையில் அடங்கும்.

பூஞ்சையும் எதிர்வினை ஆற்றுகிறது. ஃபார்னெசால், சூடோமோனாசின் குயினோலோன் வகைத் தன்தூண்டியின் உற்பத்தியைக் குறைத்து, பயோசயனின் என்னும் நச்சு நிறமியையும் குறைக்கிறது என்று 2007 இல் தெரியவந்தது. ஆனால் லாஸ்-ஆர் என்னும் ஒழுங்குபடுத்தும் புரதம் பழுதுற்ற திரிபுகளில் ஃபார்னெசால் அதே தன்தூண்டியைப் பெருக்குகிறது என 2010 இல் காட்டப்பட்டது. இத்தகைய திரிபுகள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் அடிக்கடி கிடைப்பவை. ஆகவே ஒரே மூலக்கூறு பெறும் உயிரியின் மரபமைப்பைப் பொறுத்து எதிரெதிர் விளைவுகளைத் தரும்.

ஒற்றுக்கேட்டல்

சால்மோனெல்லாவும் எஷரிக்கியா கோலையும் அசைல் லாக்டோன்களை ஆக்குவதில்லை. எனினும் அவற்றை உணரும் எஸ்.டி.ஐ.ஏ என்னும் ஏற்பி அவற்றிடம் உள்ளது. தாம் பேசாமல் பிறர் பேசுவதைக் கேட்பதால் இது ஒற்றுக்கேட்டல் எனப்படுகிறது.

சூடோமோனாஸ் தன்தூண்டி-2 ஐ ஆக்காதது. ஆயினும் வாய், தொண்டைப் பகுதிகளில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் தன்தூண்டி-2 அதன் நோய் விளைவிக்கும் மரபணுக்கள் சிலவற்றைத் தூண்டுவதை 2003 இல் சுரெட் குழுவினர் கண்டனர். தம்மளவில் தீங்கற்றவையாகக் கருதப்படும் பாக்டீரியாக்களும் நோயின் போக்கை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

தொடர்பைக் குலைத்தல்

பேசில்லஸ் இனங்கள் சில, அசைல் லாக்டோனின் வளையத்தை உடைக்கும் நொதியை ஆக்குகின்றன. சிங்கப்பூரில் ஆய்வு செய்த லியான்ஹுய் ஜாங் குழுவினர் இந்நொதியை 2000 இல் அறிவித்தனர். இந்நொதியின் மரபணுவைப் புகையிலை, உருளைக்கிழங்குச் செடிகளில் புகுத்தியபோது, அச்செடிகள் மென்னழுகல் நோயைத் தாங்கின என்று 2001 இல் காட்டப்பட்டது. மென்னழுகலை உண்டாக்கும் பாக்டீரியா, போதிய எண்ணிக்கையை எட்டிய பின்னரே செடியின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளை வெளிவிடும். அதன் தன்தூண்டி அழிக்கப்பட்டதால், அது பெருகிய பின்னும் தாக்குதலைத் தொடங்கவில்லை.

வாந்திபேதிக் கிருமியும் குடல் பாக்டீரியாவும்

பெரும்பாலான நோய்க்கிருமிகள் எண்ணிக்கை பெருகிய பின் தாக்குகின்றன. வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ காலரே இதற்கு மாறானது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அது குடற்சுவரில் ஒட்டி நச்சைச் சுரக்கிறது. பெருகியபின் அம்மரபணுக்களை நிறுத்திக் குடலிலிருந்து வெளியேற ஆயத்தமாகிறது. எனவே "போதிய எண்ணிக்கை சேர்ந்துவிட்டது" என்னும் பொய்ச்செய்தியை இக்கிருமிக்கு அளித்தால், அது நோயை உண்டாக்காமல் அடங்கும் என எதிர்பார்க்கலாம். இக்கிருமியின் தன்தூண்டியை வெளிவிடுமாறு மாற்றப்பட்ட தீங்கற்ற எஷரிக்கியா கோலை முன்னரே கொடுக்கப்பட்ட எலிக்குட்டிகள் வாந்திபேதியிலிருந்து பெரிதும் தப்பின என்று 2010 இல் ஃபாபிங் துவான், ஜான் மார்ச் ஆகியோர் வெளியிட்டனர்.

இயற்கையிலும் இதனை ஒத்தது நிகழ்கிறது. வங்காளதேசத்தின் தாக்காவில் வாந்திபேதியிலிருந்து மீண்டவர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்த ஜெஃப்ரி கார்டன் குழுவினரின் ஆய்வு 2014 இல் வெளிவந்தது. மீட்சியோடு தொடர்புடைய இனங்களில் ஒன்றாக ரூமினோகாக்கஸ் ஓபியம் (இன்றைய பெயர் பிளாவுசியா ஓபியம்) அறியப்பட்டது. எலிகளில் இது காலரே கிருமி குடியேறுவதைக் கட்டுப்படுத்தியது. இது ஆக்கும் தன்தூண்டி-2, கிருமியின் குடியேற்ற மரபணுக்களை அடக்குவதாகவும், வழக்கமான ஏற்பியின் வழியாக அன்றி வி.க்யூ.எம்.ஏ என்னும் புரதத்தின் வழியாக அடக்குவதாகவும் அவ்வாய்வு சுட்டியது.

இதே புரதத்தைப் பற்றி 2019 இல் ஜஸ்டின் சில்பே, பாஸ்லர் ஆகியோர் வெளியிட்ட செய்தி வியப்புக்குரியது. விப்ரியோவைத் தாக்கும் வி.பி.882 என்னும் வைரசிடமும் இப்புரதத்தின் ஒரு படி உள்ளது. அதன் மூலம் வைரசு, தான் தங்கியுள்ள பாக்டீரியாவின் தன்தூண்டியை உணர்கிறது. பாக்டீரியாக்கள் பெருகியுள்ளன, அடுத்துத் தொற்ற இரை உண்டு எனத் தெரிந்ததும் தங்கியுள்ள உயிரணுவை உடைத்து வெளியேறுகிறது.

பேசில்லசும் ஸ்டெஃபைலோகாக்கசும்

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி, குடலில் தங்குவதற்குத் தன் பெப்டைடு வகைக் குறைவெண் முறையைச் சார்ந்துள்ளது. தாய்லாந்தின் ஊர்ப்புறங்களில் 200 பேரிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளிவந்த ஆய்வில், குடலில் பேசில்லஸ் இருந்தவர்களிடம் இக்கிருமி காணப்படவில்லை. பேசில்லஸ் வெளிவிடும் ஃபெஞ்சிசின் என்னும் பொருள், கிருமியின் பெப்டைடை ஒத்திருப்பதால் ஏற்பியை அடைத்து அத்தொடர்பைத் தடுக்கிறது. இது கிருமியைக் கொல்லாமலே அதன் குடியேற்றத்தைத் தடுக்கும் முறை.

ஒருகல உயிரிகளும் பாக்டீரியாவும்

விலங்குகளுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒருகல உயிரிகள் கழுத்துப்பட்டைக் கசையுயிரிகள் ஆகும். அவற்றுள் சால்பிங்கோயிக்கா ரோசெட்டா என்னும் இனம் தனியாகவோ மலர் போன்ற கூட்டமாகவோ வாழும். ஒரு கடல் பாக்டீரியா வெளிவிடும் கந்தகம் கொண்ட கொழுப்புப்பொருள், மிகக்குறைந்த அளவிலேயே இக்கூட்டம் உருவாகத் தூண்டுவதை நிக்கோல் கிங், ஜான் கிளார்டி ஆகியோரின் குழுவினர் 2012 இல் வெளியிட்டனர். பல உயிரணு உடல் தோன்றிய வரலாற்றில் பாக்டீரியாக்களுக்கும் பங்கிருக்கலாம் என்னும் வினாவை இது எழுப்பியது. முன்னர்க் கூறிய ஒளிரும் பாக்டீரியாவான ஃபிஷெரி வெளிவிடும் ஒரு நொதி, இதே உயிரியை இனச்சேர்க்கைக்குத் தூண்டுவது 2017 இல் அறியப்பட்டது.

கடலில் வாழும் டயாட்டம் ஒன்று டிரிப்டோஃபானை வெளிவிட, சல்ஃபிடோபேக்டர் என்னும் பாக்டீரியா அதிலிருந்து இந்தோல் அசிட்டிக் அமிலத்தை ஆக்கி, டயாட்டத்தின் உயிரணுப் பிரிவைத் தூண்டுவது 2015 இல் காட்டப்பட்டது. நிலத்தாவரங்களின் வளர்ச்சி இயக்குநீராக மாணவர்கள் அறிந்த அதே ஆக்சின் இது.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் மற்றொரு பணி

மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் போர்க்கருவிகளாகவே கருதப்பட்டு வந்தன. ஆனால் கொல்லும் அளவைவிடக் குறைந்த செறிவில் இவை பிற பாக்டீரியாக்களின் பல மரபணுக்களின் செயற்பாட்டை மாற்றுகின்றன. டோப்ராமைசின் இவ்வாறு குறைந்த அளவில் இருக்கும்போது, சூடோமோனாஸ் உயிர்ப்படலம் அமைப்பதைத் தூண்டுகிறது என 2005 இல் காட்டப்பட்டது. டோப்ராமைசின், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு இக்கிருமிக்கு எதிராகவே தரப்படும் மருந்து. உயிர்ப்படலத்தினுள் இருக்கும் பாக்டீரியாக்களை மருந்து எளிதில் கொல்வதில்லை. எனவே நுண்ணுயிர் எதிர்ப்பிகள் உடலில் போதிய செறிவில் இருக்கவேண்டியதன் தேவையை இவ்வாய்வு மேலும் வலியுறுத்துகிறது.

ஆய்வு முறைகள்

ஒரு மூலக்கூறைக் கண்டறிய, அதனைத் தான் ஆக்காமல் உணர மட்டும் செய்யும் பாக்டீரியாத் திரிபுகள் பயன்படுகின்றன. குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்னும் பாக்டீரியாவின் சி.வி.026 திரிபு, குறுகிய சங்கிலி கொண்ட லாக்டோன் அருகில் இருந்தால் ஊதா நிறமாகும். தன்தூண்டி-2 க்கு ஹார்வேயியின் திரிபொன்று ஒளிர்ந்து காட்டும். ஊடகத்திலுள்ள சர்க்கரையும் போரானும் இவ்வொளிர்வைப் பாதிப்பதால் முடிவுகளைக் கவனத்துடன் கொள்ளவேண்டும்.

குடுவையில் காணப்படும் விளைவு இயற்கையிலும் நிகழும் எனக் கொள்ள முடியாது. தக்காளி வேரில் வாழும் சூடோமோனாஸ் புட்டிடாவை அளந்தபோது, தொடர்பு பெரும்பாலும் 4 முதல் 5 மைக்ரோமீட்டர் தொலைவுக்குள் நிகழ்ந்தது. மிகுந்த அளவு 78 மைக்ரோமீட்டர். ஒரு பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 1 முதல் 2 மைக்ரோமீட்டர் ஆகும். எனவே இத்தொடர்பு பெரும்பாலும் மிக நெருங்கிய அண்டை வீட்டாரிடையே நிகழ்வது.

மருத்துவப் பயன்பாடும் வரம்புகளும்

நுண்ணுயிர் எதிர்ப்பிகளைத் தாங்கும் கிருமிகள் பெருகிவரும் நிலையில், கிருமியைக் கொல்லாமல் அதன் தொடர்பைக் குலைத்து நோயைத் தடுக்கும் வழி ஆராயப்படுகிறது. கொல்லப்படாத கிருமிக்கு மருந்தைத் தாங்கும் திரிபுகளைத் தேர்ந்தெடுக்கும் அழுத்தம் குறைவு என்பது இதன் அடிப்படை வாதம். மேலும் குடலிலுள்ள பயன்தரும் பாக்டீரியாக்கள் அழியாமல் காக்கப்படும்.

எனினும் இவ்வாதம் எல்லா நிலைகளிலும் செல்லாது. தொடர்பைத் தடுக்கும் ஃபியூரனோன் வகைச் சேர்மம் ஒன்றை வெளியேற்றும் திரிபுகள் சூடோமோனாசில் தோன்றுவதை 2012 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தொடர்பு கிருமியின் பிழைப்புக்குத் தேவையான சூழலில், அதனைக் குலைப்பதும் அழுத்தமே ஆகும். காலரே போன்ற கிருமியில் தொடர்பைக் குலைத்தால் நோய் கூடும், குறையாது. ஃபார்னெசால் போன்றவற்றில் விளைவு திரிபுக்குத் திரிபு மாறும். ஒரு நோயாளியின் உடலில் எவ்வினங்கள் அருகருகே உள்ளன, அவற்றுள் எது எதைக் கேட்கிறது என்பதை அறிந்த பின்னரே இம்முறை பயன்தரும். ஒரு நோய், ஒரு கிருமி, ஒரு மருந்து என்னும் வழக்கமான அணுகுமுறை இங்குப் போதாது.

இவற்றையும் பார்க்க

குறைவெண் உணர்தல்
உயிர்ப்படலம்
உயிரொளிர்வு
இணைவாழ்வு
நுண்ணுயிர் எதிர்ப்பி
வாந்திபேதி